டிபி பாக்ஸ் முதல் பிளக் பாயிண்ட் வரை: வீட்டு ஒயரிங்கில் ஃபால்ட் தேடும் முறை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எலக்ட்ரீஷியன்களுக்கு வரும் போன்களில் இந்தப் புகார் தவறாமல் இருக்கும்: "ஆர்சிசிபி நிக்கவே மாட்டேங்குதுண்ணே, தூக்கிவிட்டா உடனே விழுந்துடுது." ஆர்சிசிபி என்பது டிபி எனப்படும் மெயின் போர்டுப் பெட்டிக்குள் இருந்து, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்புச் சுவிட்ச். அது 'விழுவது' என்றால் தானாக அணைவது. போனவர் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுகிறார். அதுவும் விழுகிறது. வீடு இருட்டிக் கிடக்கிறது, ஃபிரிட்ஜில் மாவு புளிக்கிறது, குழந்தை அழுகிறது. கடைசியில் ஆர்சிசிபியின் மேல் டெர்மினலையும் கீழ் டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து நேராக்கிவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது. சுவருக்குள் எங்கேயோ கசிந்துகொண்டிருந்த கரண்ட் இப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே கருவியின் வாயை மட்டும் அடைத்துவிட்டார்கள்.

இதை எந்த அவசரத்துக்காகவும் ஏற்க முடியாது. அடுத்த மாதம் அந்த வீட்டில் ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடப்போகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது. இந்த நிலை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணமில்லை, தேடும் முறை தெரியாததுதான். ஃபால்ட் தேடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் ஊகமும் வேண்டாம், பொருளை மாற்றி மாற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

எது விழுந்தது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஆர்சிசிபி செய்யும் வேலை ஒன்றே ஒன்று: பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்ப்பது. வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் விழலாம், 30ஐத் தொட்டால் விழுந்தே ஆகவேண்டும். ஆகவே ஆர்சிசிபி விழுந்தால், போன கரண்டில் கொஞ்சம் நியூட்ரல் வழியாக வராமல் வேறு வழியில் போகிறது என்று பொருள். ஓவர்லோடும் பேஸ்-நியூட்ரல் ஷார்ட்டும் அதை விழவைக்காது. 230 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் ஓட 15 கிலோ ஓம் இன்சுலேஷன் போதும். நல்ல ஒயரிங்கில் இது மெகா ஓம் கணக்கில் இருக்கவேண்டிய எண்.

எம்சிபி என்பது டிபியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லைனுக்கும், அதாவது சர்க்யூட்டுக்கும், அளவுமீறிய கரண்டை வெட்டும் சுவிட்ச். அது விழுந்தால் கதை வேறு. சுவிட்ச் போட்ட கணமே 'டப்'பென்று விழுந்தால் அது காந்தப் பகுதி, அதாவது ஷார்ட். பி வகையில் ரேட்டிங்கைப்போல 3 முதல் 5 மடங்கு, சி வகையில் 5 முதல் 10 மடங்கு கரண்டில் அது வேலை செய்யும். இருபது நிமிடம், அரை மணி கழித்து விழுந்தால் அது வெப்பப் பகுதி. ஓவர்லோடாக இருக்கலாம், எம்சிபியின் ஸ்க்ரூ லூஸாகி அந்தச் சூடு உள்ளே ஏறியிருக்கலாம், எம்சிபியே தளர்ந்திருக்கலாம். எதுவும் விழவில்லை, ஆனால் விளக்கு மினுக்குகிறது, மிக்ஸி சுற்றவில்லை, போர்டு சூடாகிறது என்றால் அது கரண்ட் போகும் வழியில் உள்ள அறுப்போ லூஸோதான். இந்த மூன்றாவது வகையை ஆர்சிசிபியோ எம்சிபியோ கண்டுபிடிக்காது என்பதால் அதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. "மெயினை இறக்கியாச்சு" என்பதால் லைன் செத்துவிட்டது என்று ஆகாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் இறங்கிய கணமே லைட், ஃபேன் சர்க்யூட்டுகளுக்கு அது 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். த்ரீ பேஸ் வீட்டில் ஒரே சுவிட்ச் போர்டுக்குள் இரண்டு பேஸ் வந்திருக்கலாம். ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொரு சர்க்யூட் கடன் வாங்கியிருந்தால், நீங்கள் எம்சிபியை இறக்கிவிட்டுக் கழற்றும் அந்தக் கருப்பு ஒயர், கழன்ற நொடியில் பக்கத்துச் சர்க்யூட்டின் லோடு (ஆனில் இருக்கும் விளக்கு, ஃபேன் போன்ற சாதனம்) வழியாக உயிர் பெற்றுவிடும். ஆகவே மெயின், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவர் என்று எல்லாவற்றையும் நிறுத்தி, யாரும் தூக்கிவிடாதபடி டிபியில் அட்டை மாட்டி, பிறகு மூன்று கட்டமாகச் சோதிக்கவேண்டும். லைன் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மீட்டர் காட்டுகிறதா, வேலை செய்யப்போகும் இடத்தில் பூஜ்யமா, மறுபடி லைன் உள்ள இடத்தில் காட்டுகிறதா. மூன்றாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் லீட் அறுந்திருந்தால் அந்தப் 'பூஜ்யம்' பொய்.

எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் நியான் டெஸ்டர் லைன் இருக்கிறது என்று சொல்ல மட்டுமே பயன்படும், லைன் இல்லை என்று உறுதிசெய்ய உதவாது. வெயிலில் அது எரிவது கண்ணுக்குத் தெரியாது, மரப்பலகைமேல் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கும். டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு நேர்மாறான குறை உண்டு. அதன் உள்தடை 10 மெகா ஓம் அளவுக்கு இருப்பதால், ஒரே பைப்புக்குள் லைன் ஒயரை ஒட்டிப் போகும் செத்த ஒயரிலும் 60, 80 வோல்ட் என்று காட்டும். அந்தப் பேய் வோல்டேஜை நம்பிச் சுவரை உடைத்தவர்கள் உண்டு. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை அந்த ஒயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே வையுங்கள். பல்பு எரியாமல் மீட்டரும் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது வெறும் தூண்டல். த்ரீ பேஸ் போர்டில் இந்தப் பல்பைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். இரண்டு பேஸுக்கு நடுவில் வைத்தால் 400 வோல்ட் வாங்கி வெடிக்கும், இரண்டு பல்பை சீரியஸில் போட்டுக்கொள்வது நல்லது.

செத்துப்போன ஒரு பிளக் பாயிண்ட்டில் இருந்து தொடங்குவோம். எர்த் ஓட்டை மேலே இருக்க, எதிரே நின்று பார்த்தால் வலதுபக்கம் பேஸ், இடதுபக்கம் நியூட்ரல். மூன்று அளவு எடுக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பேஸ்-நியூட்ரல் 230, பேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட். பேஸ்-நியூட்ரல் ஒன்றுமில்லை, ஆனால் பேஸ்-எர்த் 230 என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. பேஸ்-நியூட்ரல் 230, பேஸ்-எர்த் நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் எர்த் வரவில்லை. பேஸ்-நியூட்ரல் 230, ஆனால் நியூட்ரல்-எர்த்தும் 230 என்றால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. மூன்றே அளவு, ஒரு நிமிடம் ஆகாது. ஒயர்மேன்களைக் குழப்பும் ஒரு காட்சியும் இதில் விளங்கிவிடும்: "ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது." இரண்டு பேஸ் வந்துவிட்டது என்று பயப்படவேண்டாம். நியூட்ரல் எங்கோ அறுந்து, அதே சர்க்யூட்டில் ஆன் ஆகியிருக்கும் ஏதோ ஒரு பல்போ டிவியோ வழியாகப் பேஸ் இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. அந்தச் சர்க்யூட்டின் லோடு எல்லாவற்றையும் கழற்றினால் இடது ஓட்டையில் டெஸ்டர் அணைந்துவிடும். நியூட்ரல் உயிரோடு இருக்கும் கடைசிப் பெட்டிக்கும் (ஒயர்கள் சேரும் ஜங்ஷன் அல்லது சுவிட்ச் பெட்டி) செத்துக் கிடக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில்தான் அறுப்பு.

அந்தக் கடைசிப் பெட்டியைக் கண்டுபிடிக்க டிபியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வரவேண்டாம். நடுப்பெட்டியைத் திறங்கள். அங்கே நன்றாக இருந்தால் ஃபால்ட் அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். எட்டுப் பெட்டிகள் உள்ள சர்க்யூட்டில் மூன்று திறப்பில் இடம் பிடிபடும். ஷார்ட்டுக்கும் இதே முறைதான். எம்சிபிக்குப் பின் அந்தச் சர்க்யூட்டின் பேஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸாகப் போடுங்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சர்க்யூட்டில் பேஸ்-நியூட்ரல் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எத்தனை மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகவே ஓடும் என்பதால் எம்சிபி விழாது, ஒயரும் கருகாது. லோடுகளையெல்லாம் கழற்றிவிட்டு நடுப்பெட்டியில் மேற்கொண்டு போகும் ஒயரைப் பிரித்தெடுங்கள். பல்பு அணைந்தால் ஷார்ட் அந்தப் பக்கம். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம், இந்தச் சோதனையின்போது ஒயரில் லைன் இருக்கிறது. பிரிப்பதையும் சேர்ப்பதையும் எம்சிபியை இறக்கிவிட்டே செய்யவேண்டும். பேஸ்-எர்த் ஷார்ட்டுக்கு இந்த வழி உதவாது, பல்பு எரிவதற்குள் ஆர்சிசிபி விழுந்துவிடும்.

இப்போது ஆர்சிசிபிக்கு வருவோம். அதிகம் பேரைச் சுற்றவிடுவது இதுதான்.

முதல் சோதனை எல்லாருக்கும் தெரியும்: எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குவது. நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வரவேண்டும், எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் ஃபால்ட். பேஸ் எர்த்தில் கசிந்தால் இந்த முறை பெரும்பாலும் வேலை செய்யும். சந்தேகத்துக்குரியவை கீசர், வாஷிங் மெஷின், வெளி கேட் லைட், மொட்டைமாடி பாயிண்ட். கீசரின் ஹீட்டிங் எலிமெண்ட் உப்புத் தண்ணீரில் அரித்து ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் உள்ளே போய்க் கரண்ட் தொட்டிக்கு இறங்கும். மாதக்கணக்கில் ஓடாத கீசரில் துளை இல்லாமலேயே எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக் கசிவதுண்டு.

எல்லா எம்சிபியும் இறங்கிய நிலையிலும் ஆர்சிசிபி விழுந்தால்? இங்கேதான் "ஆர்சிசிபி போயிடுச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நம் வீட்டு டிபிகளில் இருப்பவை பெரும்பாலும் சிங்கிள் போல் எம்சிபி. அவை பேஸை மட்டும் வெட்டும். எல்லா எம்சிபியையும் இறக்கினாலும் வீட்டிலுள்ள ஒவ்வொரு நியூட்ரல் ஒயரும் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயர்களெல்லாம் சேரும் பட்டை) வழியாக ஆர்சிசிபியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவற்றில் ஒன்று எங்கோ எர்த்தைத் தொட்டால் அதுவும் கசிவே. நியூட்ரலில் வோல்டேஜ் இல்லையே, எப்படிக் கரண்ட் ஓடும் என்று கேட்கலாம். நியூட்ரல் முழுப் பூஜ்யம் கிடையாது. டிரான்ஸ்பார்மர் முதல் உங்கள் மீட்டர் வரை வரும் நியூட்ரல் கம்பியில் தெருவில் உள்ள அத்தனை வீட்டுக் கரண்டும் ஓடுவதால், எர்த்தோடு ஒப்பிட்டால் அதில் அரை வோல்ட்டோ இரண்டு வோல்ட்டோ எப்போதும் இருக்கும். எர்த் குழியின் தடை 5 ஓம், நியூட்ரலில் 0.2 வோல்ட் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் 40 மில்லி ஆம்பியர் ஓடும். ஆர்சிசிபி விழ அது தாராளம். சாயங்காலம் தெருவில் லோடு ஏறும்போது மட்டும் விழுகிறது, விடியற்காலை நிற்கிறது, எந்தச் சுவிட்சைப் போட்டாலும் விழுகிறது என்ற புகார்களுக்கெல்லாம் நியூட்ரல் எர்த்தைத் தொடுவது காரணமாக இருக்கலாம். கடைசியாகப் போட்ட சுவிட்ச் ஃபிரிட்ஜினுடையது என்றால் பாவம் ஃபிரிட்ஜ் மேல் பழி விழும். ஒரு கெடுதலும் இல்லாத ஃபிரிட்ஜை சர்வீசுக்கு அனுப்பிய வீடுகள் இருக்கின்றன.

இதைப் பிடிக்க, டபுள் போல் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரை நிறுத்தி, வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, சுவிட்ச் நியூட்ரலை வெட்டாது. ஏசி, கீசர் போல நேராக இணைத்தவற்றையும் பிரிக்கவேண்டும். நியூட்ரல் லிங்க்கில் உள்ள ஒயர்களுக்கு டேப்பில் எண் எழுதி ஒட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அந்த ஒயருக்கும் எர்த் பாருக்கும் இடையே பாருங்கள். நல்லது மெகா ஓமில் இருக்கும். கெட்டது பூஜ்யமோ சில நூறு ஓமோ காட்டும். இப்படி நியூட்ரல் கழன்று கிடக்கையில் மறந்துபோய் மெயினையும் எம்சிபியையும் தூக்கிவிடாதீர்கள், ஆனில் இருக்கும் லோடுகள் வழியாக அந்தத் தொங்கும் நுனிகளில் 230 வோல்ட் வந்து நிற்கும்.

சர்க்யூட் தெரிந்த பிறகு நடுப்பெட்டி முறைதான். காரணங்கள் ஏறத்தாழ எப்போதும் இவற்றுக்குள் அடங்கும்: இரும்புப் பெட்டியில் போர்டை மூடும் ஸ்க்ரூ கருப்பு ஒயரைக் கடித்திருக்கும், சாமி படத்துக்கோ கர்ட்டன் கம்பிக்கோ துளைத்த டிரில் பைப்பைத் தொட்டிருக்கும், எலி கடித்திருக்கும், அல்லது எர்த் வராத பாயிண்ட்டில் யாரோ நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து எர்த் பின்னில் கொடுத்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னது மன்னிக்கமுடியாத வேலை. நியூட்ரல் அறுந்த அன்று அந்தப் பிளக்கில் மாட்டிய கிரைண்டர், அயர்ன் பாக்ஸின் உடம்பு முழுக்க லைன் வந்து நிற்கும்.

இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து ஆர்சிசிபி விழத் தொடங்கினால் ஒயரிங்கைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கு இன்புட் பேஸ் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுக்கப்பட்டு, அதன் அவுட்புட்டில் ஓடும் லைட்டுகளின் நியூட்ரல் வழக்கம்போல ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள லிங்க்குக்கே வந்தால், ஆர்சிசிபி வழியாகப் போகாத கரண்ட் அதன் வழியாகத் திரும்புகிறது. விழாமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரித்து, தனி ஆர்சிசிபி கொடுப்பதே சரி. த்ரீ பேஸ் வீட்டில் பேஸுக்கு ஒரு ஆர்சிசிபி வைத்திருந்தால், ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றின் லிங்க்கில் மாறிப் போய்விட்டாலும் இதே தொல்லை.

குற்றவாளியே இல்லாத கசிவும் உண்டு. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஒவ்வொன்றும் அரை மில்லி ஆம்பியர், ஒரு மில்லி ஆம்பியர் என எர்த்துக்கு விடும். பத்துப் பன்னிரண்டு சாதனம் சேர்ந்தால் கூட்டுத்தொகை 10 மில்லி ஆம்பியரை நெருங்கும், அதன் பிறகு மழை ஈரம் கொஞ்சம் சேர்ந்தாலே விழும். லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து நுழைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டுத்தொகை நேராகத் தெரியும். அப்போது செய்யவேண்டியது சர்க்யூட்டுகளை இரண்டு ஆர்சிசிபிக்குப் பிரித்துக் கொடுப்பது. 30 மில்லி ஆம்பியரை எடுத்துவிட்டு 100 போடுவது தீர்வாகாது, 100 மில்லி ஆம்பியர் மனித உயிரைக் காக்கும் அளவில்லை.

மழைக்கால ஃபால்ட்டுக்கு ஓம்ஸ் போதாது, இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வேண்டும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது, மெக்கர் 500 வோல்ட் டிசியில் அளக்கிறது. ஈரமேறிய டேப் ஜாயிண்ட், விரிசல் விட்ட இன்சுலேஷன் எல்லாம் அந்த அழுத்தத்தில்தான் உண்மையைச் சொல்லும். சர்க்யூட்டின் பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி, அதற்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் எல்.இ.டி. டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் மேல் அழுத்தம் விழாது. சர்ஜ் புரொடெக்டரை மட்டும் கழற்றிவிடவேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்தச் சர்க்யூட்டில் வேலை இருக்கிறது. 1க்கு மேல் இருந்தாலும், மற்றச் சர்க்யூட்டெல்லாம் 200 காட்டும்போது ஒன்று மட்டும் 3 காட்டினால் அடுத்த மழையில் விழப்போவது அதுவே. தண்ணீர் நுழையும் வழியையும் தேடவேண்டும்: மொட்டைமாடியில் வாய் மூடாமல் விட்ட பைப், தொட்டியின் ஃப்ளோட் சுவிட்ச் ஒயர், சன்ஷேடு மேல் தேங்கும் நீர். பைப்புக்குள் ஜாயிண்ட் போடக்கூடாது, பெட்டிக்குள் மட்டுமே போடவேண்டும் என்ற விதியை மீறிய இடம் எங்கிருக்கிறது என்பதை மழை காட்டிக்கொடுத்துவிடும்.

"எர்த் போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு ஆர்சிசிபி?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் வீடுகளில் மின்வாரியம் பேஸும் நியூட்ரலும் தருகிறது, எர்த் நாம் தோண்டிய குழி. அந்தக் குழி கோடையில் காய்ந்து 10 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் உடம்பில் பேஸ் நேராகப் பட்டால் ஓடும் கரண்ட் 230ஐ 12ஆல் வகுத்தால் வருவது, சுமார் 19 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 19க்கு அது ஒரு மணி நேரம் கழித்தும் நின்றுகொண்டிருக்கலாம். அதுவரை கிரைண்டரின் உடம்பில் 190 வோல்ட். ஆர்சிசிபியோ கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை, எர்த்தே இல்லாத வீட்டிலும் பட்டனை அழுத்தினால் விழும்.

இனி அந்த மூன்றாவது வகை, லூஸ் கனெக்‌ஷன். குளியலறையில் 2,000 வாட் கீசர். அதன் கரண்ட் 8.7 ஆம்பியர். டிபியிலிருந்து 20 மீட்டர் தூரம், ரெண்டரை ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர். போக வர 40 மீட்டரின் தடை ஏறத்தாழ 0.32 ஓம், ஆகவே கீசர் ஓடும்போது 2.8 வோல்ட் குறைவது இயல்பு. டிபியில் 228 இருக்கும்போது பிளக்கில் 225 இருக்கவேண்டும். 216 இருந்தால்? மீதி 9 வோல்ட் ஏதோ ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 9ஐ எட்டுச் சொச்சம் ஆம்பியரால் பெருக்கினால் 75 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒரு பிளாஸ்டிக் பிளக் பாயிண்ட்டுக்குள் வைத்து மூடியது போல. இதில் கசிவு இல்லை, ஆர்சிசிபி விழாது. கரண்ட் கூடவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது, எம்சிபியும் விழாது. தண்ணீர் சுடுவதால் வீட்டாருக்கும் ஒன்றும் தெரியாது. பிளக்கின் முகம் பழுப்பேறுவதும், மீன் கருகியது போல ஒரு வாடை வருவதும்தான் அறிகுறி. அந்த வாடையை யாராவது சொன்னால் அன்றைக்கே போய்ப் பார்க்கவேண்டும்.

லோடு இல்லாமல் அளந்தால் இந்த ஃபால்ட் தெரியவே தெரியாது. கரண்ட் ஓடாவிட்டால் வோல்டேஜ் விழாது, மீட்டர் முழு 230 காட்டும். கீசரை ஓடவிட்டே அளக்கவேண்டும். எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு நீள ஒயர் போதும். டிபியின் நியூட்ரல் லிங்க்கிலிருந்து அந்த ஒயரைக் குளியலறை வரை இழுத்து, அதற்கும் பிளக்கின் நியூட்ரல் டெர்மினலுக்கும் இடையே, லோடு ஓடும்போது அளந்து பாருங்கள். 1.3 வோல்ட்டை, அதாவது இயல்பான குறைவில் ஏறத்தாழப் பாதியை, ஒட்டி இருந்தால் நியூட்ரல் பக்கம் நல்லது, குறை பேஸில். 10 வோல்ட் காட்டினால் நியூட்ரலில். பேஸ் பக்கம் என்றால் ஆனில் உள்ள சுவிட்சின் இரு டெர்மினலுக்கு இடையே பாருங்கள். நல்ல சுவிட்சில் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும், வோல்ட் கணக்கில் காட்டினால் கையில் பிடித்தாயிற்று. இது லைன் உள்ள வேலை என்பதால் நுனி மட்டும் தெரியும் புரோப், உலர்ந்த கால், கூட ஓர் ஆள், மூன்றும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கண்டுபிடித்த பிறகு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு மூடுவது வேலையல்ல. சூடேறிய பித்தளை இடுக்கு தன் இறுக்கத்தை இழந்திருக்கும், செம்பின் மேல் கருப்பு ஆக்ஸைடு படிந்திருக்கும். பளபளக்கும் செம்பு வரும் வரை ஒயரை வெட்டி, பாயிண்ட்டைப் புதிதாக மாற்றவேண்டும். இன்சுலேஷன் மேலேயே ஸ்க்ரூ ஏறியிருப்பது, பல இழை ஒயரில் பாதி இழையை வெட்டிவிட்டு மீதியை நுழைத்திருப்பது, ஒரே ஓட்டையில் தடித்த ஒயர் இரண்டும் மெல்லியது ஒன்றும் திணித்திருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள்.

லூஸ் கனெக்‌ஷன் த்ரீ பேஸ் நியூட்ரலில் வந்தால் நிமிடக்கணக்கில் நாசம். ஒரு பேஸில் 1,000 வாட் லோடு, இன்னொன்றில் 100 வாட் லோடு, நியூட்ரல் அறுந்துவிட்டது என்றால் இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரியஸில் நிற்கும். 100 வாட் பக்கம் 360 வோல்ட்டுக்கு மேல் போகும், 1,000 வாட் பக்கம் 40க்குக் கீழே இறங்கும். ஒரு அறையில் விளக்கு கண்ணைக் கூசவைக்க, அதே நேரம் இன்னொரு அறையில் மங்கினால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். டிபியின் நியூட்ரல் டெர்மினல் இறுக்கமாக இருந்தால் குறை மீட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது மின்வாரியத்தின் வேலை, சீலை உடைக்கவேண்டாம்.

எப்போதாவது வரும் ஃபால்ட் எல்லாவற்றிலும் கடினமானது. நீங்கள் போய் நிற்கும்போது அது வராது. வீட்டாரிடம் ஒரு தாள் கொடுத்து, விழும் நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்தவை, மழையா வெயிலா என்று ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். கடைசியாக வீட்டில் என்ன மாறியது என்றும் கேளுங்கள்: புது டைல்ஸ், புது மின்விசிறி, ஆணி அடித்த சுவர். ஏசி அரை மணி ஓடியதும் எம்சிபி விழுகிறது என்றால் டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) கரண்டைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி 7 முதல் 9 ஆம்பியருக்குள் ஓடிக்கொண்டிருக்க 16 ஆம்பியர் எம்சிபி விழுந்தால் ஓவர்லோடு இல்லை. அதே ரேட்டிங் உள்ள பக்கத்து எம்சிபியோடு இடம் மாற்றி மாட்டுங்கள். விழுவது எம்சிபியோடு கூடவே போனால் எம்சிபி கெட்டது, அதே சர்க்யூட்டில் தங்கினால் சர்க்யூட் கெட்டது. போர்டைத் திறந்தால் எறும்புப் புற்றையும் குளவிக்கூட்டையும் செத்த பல்லியையும் பாருங்கள். சுவிட்சின் காண்டாக்டுக்கு நடுவில் எறும்பு மண் அடைந்து விட்டுவிட்டு வேலை செய்வது நம் ஊரில் சாதாரணம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுமினுவென்று எரிந்தால் அலட்சியம் வேண்டாம். நீண்ட ஒயரின் தூண்டலாகவோ இண்டிகேட்டர் சுவிட்சாகவோ இருக்கலாம், ஆனால் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருந்தாலும் இப்படித்தான் எரியும். அப்படியென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றுபவரின் விரலுக்கு அருகே பேஸ் காத்திருக்கிறது. ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, அன்றே மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்து மூடும் முன், தொட்ட ஒவ்வொரு டெர்மினலையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தொட்ட சர்க்யூட்டை மெக்கரில் அளந்து, பிளக்கில் அந்த மூன்று வோல்டேஜையும் எடுத்து, டெஸ்ட் பட்டனை அழுத்தி ஆர்சிசிபி விழுகிறதா என்று பார்த்துவிட்டு, டிபி கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். தேதி, எந்த எம்சிபி எந்த அறைக்கு, எத்தனை மெகா ஓம், என்ன சரிசெய்தோம் என்று அதில் நாலு வரி. அடுத்த ஐப்பசியில் வருகிறவர் அந்த எண்ணிலிருந்து தொடங்கிக்கொள்வார்.